மூன்று நாள் பொறுத்துக் கேள்

சனிக்கிழமை காலை. அடுப்பில் குக்கர் இரண்டு விசில் அடித்து முடித்திருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் முன்னால் நின்றேன். வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்தேன். சனிக்கிழமைத் தாளில், வேத வசனத்துக்கு மேலே, பென்சிலில் பொடி எழுத்தில் 'கண்ணாடி' என்று எழுதியிருந்தது. என் மூத்த மகள் ஷைனியின் கையெழுத்து.

"ஷைனி, இங்க வா. இன்னும் வேணுமா?"

வாயோரத்தில் பேஸ்ட் நுரையோடு வந்து நின்றாள். அப்போது பத்தாம் வகுப்பு. முகத்தை இடது பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு நாளாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணை சரியில்லை, கழுத்துப் பிடித்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"வேணாம்மா. பழகிருச்சு."

எது பழகியது என்று நான் கேட்கவில்லை. "சமத்து" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினேன். பர்ஸிலிருந்து பத்து ரூபாய் எடுத்து அலமாரியில் இருந்த அவளுடைய டப்பாவில் போட்டேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் புராணத்தை எழுதினேன். வயிறு வலிக்கச் சிரித்ததாக நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் என் மகளின் இடது கண் போய்க்கொண்டிருந்தது. அதை என்னிடம் சொல்ல அவள் மூன்று நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் வேண்டாம் என்றாள். நான் பத்து ரூபாய் கொடுத்தேன்.

ஜன்னலுக்கு உள்ளே

நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அலுவலக எழுத்தர். இருபது வருஷமாக ஃபீஸ் கட்டும் ஜன்னலுக்கு உள்பக்கம் என் நாற்காலி. கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் முகத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பேன். கையில் என்ன போன், விரலில் என்ன மோதிரம், பர்ஸ் எம்மாதிரி. பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.

ஒருவர் புது போனைக் காதில் வைத்தபடியே, "மேடம், அடுத்த மாசம் கட்டிர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்பார். இன்னொரு அம்மா மகளின் சடங்குக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்ட கையோடு வந்து தவணை கேட்பார். எனக்கு உள்ளுக்குள் எரியும். ரசீதுப் புத்தகத்தைப் பட்டென்று மூடுவேன். காசைப் பிடிக்கத் தெரியாத ஜனங்கள் என்று வீட்டுக்கு வந்து புலம்புவேன். என் பிள்ளைகள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பல்லைக் காட்டக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே வைராக்கியம்.

அது எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் வளர்ந்தது செல்லூரில், தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடுகிற ஒரு சந்தில். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. எங்கள் சந்துக்கே முதல் கலர் டி.வி.யைத் தவணையில் வாங்கி வந்தவர் அவர்தான். நாலு தவணை கட்டினார். அப்புறம் கட்டவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து இரண்டு பேர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கினார்கள். தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போனார்கள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அம்மா டி.வி. இருந்த இடத்தைக் கூட்டினார். அந்த விளக்குமாற்றுச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

பேரையூர்க்காரர்

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் எப்படி என்றால், கையில் ஐநூறு ரூபாய் இருந்தால் கை அரிக்கிற மனிதர். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். கரிசல் காட்டில் பருத்தி போட்ட குடும்பம். பருத்தி விற்ற காசு வருஷத்துக்கு ஒருமுறை வரும். வந்த வாரத்திலேயே துணிமணி, கறி, ஊர்க்காரர்களுக்குக் காப்பி என்று கரையும். மிச்ச மாதங்களை எப்படியோ ஓட்டிவிடுவார்கள். மதுரைக்கு வந்து பெயிண்ட் கடையில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த பிறகும் அவருக்கு அந்தப் புத்தி மாறவில்லை.

சம்பள நாளில் பரோட்டா பார்சல் கையில் இல்லாமல் வீட்டுப் படி ஏற மாட்டார். டீக்கடையில் நாலு பேர் நின்றால் நாலு பேருக்கும் இவர்தான் கொடுப்பார். "மாப்ள, நீ குடு, நாளைக்கு நான் தாரேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு கூட்டம் இவரைச் சுற்றி இருந்தது. திருநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு மனை மலிவாக வந்தது. இவர் கை சும்மா இருந்திருந்தால் வாங்கியிருக்கலாம். அதை நான் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டினேன்.

ஷைனி சின்ன வயதில் அப்பாவையே உரித்து வைத்திருந்தாள். ஏழு வயதில், பொத்தானை அழுத்தினால் பென்சில் வெளியே வருகிற ஒரு பெட்டிக்காகக் கடைத் தரையில் புரண்டாள். அவர் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் வேறு நிறத்தில் கேட்டாள். அன்றைக்கு ராத்திரியே நான் சட்டம் போட்டேன்.

சட்டம்

சட்டம் இதுதான். எது வேண்டுமானாலும் ஆசைப்படலாம். ஆனால் ஆசைப்பட்ட அன்றைக்கே வாயைத் திறந்து கேட்கக் கூடாது. காலண்டரில் மூன்று நாள் தள்ளி வரும் தாளில் அதை எழுதிவிட வேண்டும். அந்தத் தாள் மேலே வரும்வரை அவர்களும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். அன்று காலையில் நான் கேட்பேன்: "இன்னும் வேணுமா?" வேணும் என்றால் உட்கார்ந்து பேசுவோம். வேணாம் என்றால் டப்பாவில் பத்து ரூபாய்.

வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். பாதி ஆசைகள் தாள் வருவதற்குள் செத்துப்போயின. சின்னவள் பிரின்சி எழுதியதை எல்லாம் எடுத்து வைத்திருக்கலாம். 'வெள்ளை எலி.' 'நிஜக் குதிரை, சின்னது.' 'அக்காவுக்கு வேற ஸ்கூல்.' மூன்றாம் நாள் கேட்டால், "நானா எழுதுனேன்?" என்பாள்.

ஷைனி அப்படி இல்லை. அவள் எழுதியது எல்லாம் தேவையானது. எழுதிவிட்டு அவளே வேண்டாம் என்பாள். பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் டூர் போட்டபோது தாளில் எழுதினாள். மூன்றாம் நாள், "வேணாம்மா, குளிரும்" என்றாள். குளிரும் என்பது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பூரித்துப்போனேன். தரையில் புரண்ட பிள்ளை இப்படி ஆகிவிட்டதே என்று.

உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் காலண்டர் வேண்டாம், உடனே சொல்லுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா என்றுதான் நினைத்திருப்பேன், நினைத்துப் பார்த்திருந்தால்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷைனிக்கு ஆறு வயதிலிருந்து கண்ணாடி. பவர் ஏறிக்கொண்டே போய் மைனஸ் ஒன்பதில் நின்றது. அந்த ஜூன் மாதம்தான் மெல்லிய லென்ஸ் போட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பில்லைப் பார்த்துவிட்டுக் கடை வாசலிலேயே சொன்னேன், "இம்புட்டுக் காசு போட்டிருக்கு. இனி ரெண்டு வருசத்துக்குக் கண்ணாடிப் பேச்சே எடுக்கக் கூடாது." விளையாட்டாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சங்கத்தில் என் பேச்சு

எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் பேச வேண்டும். போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைகளைச் சிக்கனமா வளர்க்கிறதைப் பத்திப் பேசுங்க ராணி. உங்க பிள்ளைகளப் பாத்தா எல்லாருக்கும் பொறாமையா இருக்கு" என்றார். வேறென்ன வேண்டும் எனக்கு? அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன்.

காலண்டர் கதையைச் சொன்னேன். வெள்ளை எலியைச் சொன்னேன். சிரித்தார்கள். கொடைக்கானலைச் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். "கேக்காத பிள்ளைதான் பிற்காலத்துல யார்கிட்டயும் கை நீட்டாத பிள்ளை" என்று முடித்தேன். ரொம்ப நேரம் கை தட்டினார்கள். ஷைனி பின்வரிசையில் பிரின்சியோடு உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு புதன்கிழமை, கணக்கு வகுப்பில், அவளுடைய இடது கண்ணில் மின்னல் அடித்தது மாதிரி வெளிச்சம் தெறித்தது. அப்புறம் கொசு பறப்பது போலக் கறுப்புப் புள்ளிகள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணின் மூலையில் ஒரு கறுப்புத் துணி தொங்கியது. வலி இல்லை. கண்ணாடிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடிப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்திருக்கிறது. இதையெல்லாம் பின்னால்தான் சொன்னாள். அன்றைக்குச் செய்தது, காலண்டரைத் தூக்கி மூன்று தாள் தள்ளி ஒரே ஒரு வார்த்தை எழுதியதுதான்.

வியாழக்கிழமை அதை நான் பார்த்துவிட்டேன். இதை எழுதாமல் தாண்டிப்போகத்தான் மனசு சொல்கிறது. சிலிண்டர் போட்ட தேதியைத் தேடித் தாள்களைப் புரட்டியபோது சனிக்கிழமையில் 'கண்ணாடி' என்று இருந்தது. அவள் வகுப்பில் ஒரு பெண் கறுப்பு ஃபிரேம் போட்ட பெரிய கண்ணாடி வாங்கியிருந்தாள். அதைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து நச்சரிக்காமல் எழுதி வைத்திருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. பேசக் கூடாது என்பது எனக்கும் சேர்த்துப் போட்ட சட்டம். பேசாமல் தாள்களை விட்டுவிட்டேன்.

கேரம் போர்டு

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்து ஒரு வாரம் முழுக்க அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். மாதத் தேர்வு எழுதினாள். ஒருநாள் சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். "கண்ணு எங்க இருக்கு?" என்று நான் கேட்டேன். எல்லா அம்மாவும் கேட்கிற கேள்விதான். அவள் துணி எடுத்து வந்து துடைத்தாள்.

மறு ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு, அப்பாவும் மகள்களும் கேரம் போர்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேரமில் ஷைனியை யாரும் ஜெயிக்க முடியாது. அன்றைக்கு இடது மூலையில் இருந்த காய்களை எல்லாம் விட்டாள். வேண்டுமென்றே தோற்கிறாள் என்று பிரின்சி சண்டைக்குப் போனாள்.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்று, விளையாட்டுப் போல அவளுடைய வலது கண்ணைக் கையால் பொத்தினார்.

"இப்ப அடி பாப்போம்."

"கைய எடுங்கப்பா."

"சும்மா அடிடா."

"எடுங்கப்பா. ஒண்ணுமே தெரியல."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையை அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். அவள் கண் இமைக்கவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷைனி, செருப்பப் போடு" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எமர்ஜென்சின்னு சொல்லி டபுளாப் போடுவாங்க. காலையில ஓ.பி.ல பாத்தா என்ன?" மடியில் கீரையோடு உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்த மனிதர் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். "ராணி, வாய மூடு."

பதினோரு நாள்

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். மருந்து கன்னத்தில் மஞ்சளாக வழிந்தது. டாக்டர் ஒரு இளம் பெண். ஷைனியைப் படுக்க வைத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை நாளாம்மா இருக்கு?"

"புதன்கிழமையில இருந்து மேடம். போன புதன் இல்ல, அதுக்கு முந்தின புதன். இன்னையோட பதினோரு நாள்."

அவ்வளவு துல்லியமாகச் சொன்னாள். டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். கண்ணுக்குள்ளே இருக்கிற விழித்திரை கழன்றுவிட்டது, பவர் அதிகம் உள்ள கண்ணில் இது வரக்கூடும் என்று விளக்கினார். என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் அவரைக் கேட்டுவிட்டு, "செவத்துல பெயிண்ட் ஒரு மூலையில உரிய ஆரம்பிச்சா அப்படியே உரிஞ்சுக்கிட்டே வரும்ல, அது மாதிரி" என்றார். இவர் தலையாட்டினார்.

"மொத மூணு நாளைக்குள்ள வந்திருந்தா நடுப்பகுதி ஒட்டியே இருந்திருக்கும். ஆபரேஷன் பண்ணி எழுத்துப் படிக்கிற பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப செய்வோம். ஆனா எம்புட்டுத் திரும்பும்னு சொல்ல முடியாது." பிறகு ஷைனியைப் பார்த்து, "ஏம்மா, நீ விவரமான பொண்ணாத்தான இருக்க. வீட்ல சொல்லலயா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல எதுனாலும் மூணு நாள் கழிச்சுத்தான் மேடம் கேக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு உள்ளே இருந்து நான் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

ஷைனி அவசரமாகச் சொன்னாள், "அம்மா சனிக்கிழமை கேட்டாங்க மேடம். நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம். அந்த அறையில் அப்படியே செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மிகைப்படுத்தி எழுதவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் ஆபரேஷன். பணத்துக்கு நான் நகையை எடுக்க வீட்டுக்குக் கிளம்பினேன். அதற்குள் அவருடைய டீக்கடைக் கூட்டம் வந்துவிட்டது. நான் பெயர்கூடத் தெரிந்துகொள்ளாத ஒருவர், இவர் சட்டைப் பையில் ஒரு கவரைச் செருகி, "மாப்ள, பிள்ளையப் பாரு. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்" என்றார். நான் அவருக்கு ஒரு வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டிலுக்குக் கீழே

கண்ணுக்குள் வாயுவை அடைத்திருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் எழலாம், அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். இரண்டு தலையணைக்கு நடுவில் இடைவெளி விட்டு, அதில் முகம் புதைத்துக் கிடந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பின்னந்தலையும் கழுத்தில் ஒட்டிய வேர்வை முடியும்தான்.

முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தரையில் படுத்துக் கட்டிலுக்கு ஓரமாக அண்ணாந்து பார்க்க வேண்டும். படுத்தேன். பாய்கூட விரிக்கவில்லை. கட்டு போட்ட கண்ணிலிருந்து நீர் கசிந்து அவள் மூக்கு நுனியில் நின்று சொட்டியது.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"முதுகு பிடிக்குதா? தேச்சு விடவா?"

"வேணாம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "எம்புட்டும்மா ஆச்சு?" என்று கேட்டாள். அவள் மூக்கு நுனியைத் துடைத்துவிட்டேன். "டப்பாவுல இருக்கிறதையும் எடுத்துக்கங்க" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை. நான் எழுந்து வெளியே போய், குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. கை அசைந்தால் தெரிகிறது. எழுத்து தெரியாது, ஆள் முகம் தெரியாது. இனி அவ்வளவுதான் என்றார்கள்.

காலண்டரை அன்றே எடுத்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, "இனி எது வேணும்னாலும், எது வலிச்சாலும், அந்த நிமிசமே சொல்லணும். நடுராத்திரின்னாலும் எழுப்பணும்" என்றேன். பிரின்சி அந்த வாரத்திலேயே இருபது சாமான் கேட்டாள். ஷைனி தலையை ஆட்டினாள்.

சங்கத்தில் என் பேச்சைக் கேட்டு மூன்று வீடுகளில் பிள்ளைகள் காலண்டரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போனேன். நடந்ததைச் சொல்லி, நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு வீட்டில் பயந்துபோய் உடனே நிறுத்தினார்கள். மூன்றாவது வீட்டம்மா காப்பி கொடுத்தார். "அது உங்க பிள்ளைக்கு நேரம் சரியில்லக்கா. எங்க வீட்ல நல்லாத்தான் போகுது. பிள்ளைக வாயே திறக்கிறதில்ல" என்றார். அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

சொல்லவாம்மா

ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே அறை, அதே டாக்டர். இடது கண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ரைட் கண்ணுல ஏதாவது மின்னல் மாதிரி, புள்ளி மாதிரி தெரியுதாம்மா?"

நான் போனில் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை அமைதியாக இருந்ததால் நிமிர்ந்தேன். ஷைனி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லவாம்மா?" என்றாள்.

டாக்டரின் கை கீபோர்டில் நின்றுவிட்டது.

"சொல்லு" என்றேன். "சொல்லுடி."

"நாலு நாளா இருக்கு மேடம்."

அந்த நாலு நாளும் நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தினமும் காலையில் கண்ணு எப்படி இருக்கு என்று கேட்டு, நல்லா இருக்கு என்று பதில் வாங்கியிருக்கிறேன்.

விழித்திரையில் சின்னதாகக் கிழிசல் விழுந்திருந்தது. கழலவில்லை. அன்று மாலைக்குள் லேசர் வைத்து அடைத்தார்கள். அந்தக் கண் பிழைத்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் வரும்போது அவளைக் கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். "தெரியலம்மா. சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பார்வையாளர் அறை

ஷைனி இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். விடுதியில் இருக்கிறாள். ஒற்றைக் கண்ணோடு வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. மாதம் நான் அனுப்பும் காசில் பாதி மிச்சம் வைத்திருக்கிறாள். சிக்கனத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. சங்கத்தில் நான் சொன்னபடியே யாரிடமும் கை நீட்டாத பிள்ளையாக வளர்ந்திருக்கிறாள்.

தினமும் போன் பண்ணுகிறேன். "கண்ணு எப்படிடி இருக்கு?" "நல்லா இருக்கும்மா." மற்ற அம்மாக்களுக்கு அந்தப் பதில் போதும். எனக்குப் போதவில்லை. என் மகள் நல்லா இருக்கு என்று சொன்னால் நம்ப முடியாதபடி அவளை நான் வளர்த்து வைத்திருக்கிறேன். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டதற்கு, எழுதுங்கம்மா என்றாள். அதையும் நேரில் போய் இன்னொரு முறை கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை திருமங்கலத்தில் பஸ் ஏறிப் போகிறேன். விடுதியின் பார்வையாளர் அறையில் அவளைச் சுவரோரமாக உட்கார வைத்து, நாலடி தள்ளி நின்று விரல்களைக் காட்டுகிறேன். மேலே, கீழே, இரண்டு ஓரத்திலும். ரெண்டு, நாலு, ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே வருவாள். நடுவில் விரலே காட்டாமல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்பேன். "கையவே காட்டலம்மா" என்பாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

போன மாதம் விடுதி வார்டன் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து, "எம்புட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு அம்மா கிடைக்கும்?" என்று ஷைனியின் தோளைத் தட்டினார்.

ஷைனி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா மேடம். எங்கம்மா ரொம்ப நல்லவங்க" என்றாள்.

அதை மனசாரத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், ஆமாம்மா என்றுதான் சொல்வாள்.